பகல் நிலவும் ஒளிப்படத் தகடும்

வளர்பிறை அட்டமியன்று பிற்பகலில் கீழ்வானை நோக்குங்கள். வெளிறிய அரைத் திங்களைக் காண்பீர்கள். "ஐயா, இரவில் ஒளிவீசும் நிலவு பகலில் ஏன் மங்குகிறது? அதன் ஒளி குறைந்துவிடுகிறதா?" என்று என் மாணவன் ஒருவன் முன்னொரு நாள் வினவினான். "கதிரவன் ஒளியில் மங்குகிறது" என்று கூறி அமைந்தேன். அவ்விடை போதாது என்பதை, ஓய்வு பெற்றபின் ஒளிப்படக் கலையின் வரலாற்றைப் பயின்றபோதுதான் உணர்ந்தேன்.

பாரிசில் டாகேர் கண்ட ஒளிப்பட முறையை, 1839ஆம் ஆண்டில் அரகோ என்னும் வானநூலறிஞர் பிரெஞ்சு அறிவியற் கழகத்தில் அறிவித்தார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், ஏறத்தாழ 20 நிமிடம் தகட்டின்மீது ஒளி விழச்செய்து நிலவின் படத்தைப் பெற்றார். 1851இல் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் 15 அங்குலத் தொலைநோக்கி வாயிலாக விப்பிளும் பாண்டும் எடுத்த நிலவுப் படங்கள் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் பதக்கம் பெற்றன.

இருண்ட வானில் படமெடுத்த அவர்களுக்கு ஒளியின் குறைவே இடையூறு. பகல் நிலவுக்கோ ஒளியின் மிகுதியே இடையூறு. நிலவு தன் ஒளியை இழப்பதில்லை. காற்றுமண்டலம் சிதறச்செய்யும் நீல ஒளி அதன்மேல் திரையிடுகிறது. பின்னாளில் ரேலி பிரபு எனப்பட்ட அறிஞர் இதன் கணக்கை 1871இல் வகுத்தார்: அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். அக்காலத் தகடுகளோ நீலத்தையும் ஊதாவையுமே நன்குணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. எந்த ஒளி நிலவை மறைத்ததோ, அதனையே தகடு விரும்பி ஏற்றது!

இக்குறை நீங்க வழிகாட்டியவர் ஹெர்மன் வோகல். தகட்டில் தக்க சாயத்தைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று 1873இல் அவர் கண்டார். 1906இல் சிவப்பையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அத்தகைய தகட்டின்முன் சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினால், நீலவானம் இருண்டு, நிலவு எடுப்பாகத் தோன்றும்.

மற்றொரு வழியும் உண்டு. வானத்து நீல ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரு தளத்தில் அமைந்திருப்பதை 1809இலேயே கண்டவர், மேற்சொன்ன அரகோவே. கதிரவனிலிருந்து 90 பாகை விலகிய இடத்தில் இப்பண்பு மிகுதி. அரைத் திங்கள் நிற்பதும் அவ்விடத்தில்தான்! அத்தளத்து ஒளியைத் தடுக்கும் வடிகட்டியைத் தக்கவாறு திருப்பினால் வானம் மேலும் கருக்கும். இன்று தகட்டின் இடத்தை மின்னணு உணரி பெற்றுள்ளது. ஆயினும் இவ்விரு முறைகளும் பயன்படுகின்றன.

இம்முயற்சியில் இறங்குவோர் தொலைநோக்கியைக் கதிரவன் பக்கம் ஒருபோதும் திருப்பலாகாது. நொடிப்பொழுதில் கண் கெடும்.

அன்று கேட்ட மாணவனுக்கு இன்று இவ்வாறு கூறுவேன்: "தம்பி, நிலவு மங்கவில்லை. அதனைக் காண மேலும் ஒளி வேண்டுவதில்லை. வேண்டாத ஒளியை விலக்கும் அறிவே வேண்டும்."