தேசிய ஜனநாயகக் கூட்டணி

பாரதிய ஜனதா கட்சியின் தலைமையில் 1998 மே மாதம் உருவான இந்திய அரசியல் கூட்டணி. அடல் பிகாரி வாஜ்பாய் பிரதமராகி இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் நெடுங்காலம் இதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். சோஷலிச மரபில் வந்த அவரது பெயர், பா.ஜ.க.வோடு சேரத் தயங்கிய மாநிலக் கட்சிகளுக்குத் துணிவு தந்தது.

கூட்டணியின் முதல் சோதனை சென்னையிலிருந்து வந்தது. அ.தி.மு.க. தலைவர் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒடிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாதிருந்த கிரிதர் கமாங் எதிர்த்து வாக்களித்தார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார். ஒரே வாக்கில் ஆட்சி கவிழ்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு.க. கூட்டணிக்குள் வந்தது, வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார்.

2004இல் ஆட்சி பறிபோனது. 2014இல் நரேந்திர மோடி தலைமையில் பா.ஜ.க. தனித்தே 282 இடங்களை வென்றதும் தோழமைக் கட்சிகளின் பேரம் பேசும் வலிமை சரிந்தது. இதுவே கூட்டணி வரலாற்றின் பெரிய திருப்பம். சிவசேனா 2019இலும், வேளாண் சட்டங்களை எதிர்த்து அகாலி தளம் 2020இலும் விலகின. 2024இல் பா.ஜ.க. 240 இடங்களோடு நின்றதால், தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் ஆட்சிக்கு இன்றியமையாதவை ஆயின.