வேலூர்க் கோட்டை, 1806: ஒரு காவற்படையின் அமைப்பும் கிளர்ச்சியின் சமூக அடித்தளமும்

1806ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி, விடிவதற்கு முன்னர், வேலூர்க் கோட்டையிலிருந்த சென்னைப் படையின் சிப்பாய்கள் தம் ஆங்கில அதிகாரிகளுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நண்பகலுக்குள் அக்கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. கும்பினியார் அமைத்த விசாரணைக்குழு இதற்கு இரு காரணங்களைக் கூறியது: புதிய தலைப்பாகையும் உடைவிதிகளும் ஒன்று, கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் வைக்கப்பட்டிருந்தமை மற்றையது. பின்வந்த தேசியவாத வரலாற்றாசிரியர்கள் இதே காரணங்களை ஏற்று, மதிப்பீட்டை மட்டும் தலைகீழாக மாற்றினர். ஆட்சியாளர் 'சதி' என்றதை அவர்கள் 'முதற் சுதந்திரப்போர்' என்றனர். இரு சாராரும் எழுப்பத் தவறிய வினா ஒன்றுண்டு. வேலூர்க் கோட்டை என்பது யாது? அங்கு யார் யார், எத்தகைய உறவுகளில் பிணைக்கப்பட்டு வாழ்ந்தனர்? இக்கட்டுரையில் நாம் நோக்க முனைவது இதனையே.

படைப்பட்டியல் தரும் விடை மிக எளிமையானது. இங்கிலாந்து மன்னரின் 69ஆம் ரெஜிமென்றைச் சேர்ந்த நான்கு கொம்பனிகள், அதாவது ஏறத்தாழ 370 ஐரோப்பியர். கும்பினியின் சுதேசக் காலாட்படையில் முதலாம் ரெஜிமென்றின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்த ஆறு கொம்பனிகள். 23ஆம் ரெஜிமென்றின் இரண்டாம் பட்டாளம். இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1500 சிப்பாய்கள். கோட்டைத் தளபதி கேணல் பான்கோட். பட்டியல் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆயின் 370 ஐரோப்பியரையும் 1500 சிப்பாய்களையும் ஒரு நாள் உணவூட்டி, நீரூட்டி, நோய்க்கு மருந்திட்டு, மாத முடிவிற் சம்பளமளித்து நிறுத்துவதற்கு இன்னோர் அமைப்பு வேண்டும். சம்பளப் பகுதி, மருத்துவமனை, வெடிமருந்துக் களஞ்சியம், பட்டாளக் கடைத்தெரு ஆகியன அவ்வமைப்பின் உறுப்புக்களாம். கணக்கப்பிள்ளைகள், துபாஷிகள், கூடாரமடிக்கும் லஸ்கார்கள், தோற்பையில் நீர் சுமப்போர், டோலி தூக்குவோர், மாட்டுவண்டிக்காரர் என விரியும் இவ்வுழைப்பாளர் கூட்டத்தின் பெயர்கள் படைவரலாறுகளில் இடம்பெறுவதில்லை. சிப்பாய்களின் புதல்வர்களையே 'பயிலுஞ் சிறுவர்' என்று சிறு ஊதியத்தில் இணைத்துக்கொள்ளும் வழக்கமும் சென்னைப் படையில் இருந்தது. குடும்பமே படைக்கு அடுத்த தலைமுறை ஆட்களை உற்பத்தி செய்யும் நிலையமாகியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வேலூரில் இவற்றுக்கு மேலாகப் பிறிதொரு பகுதியும் இருந்தது. 1799இல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மைந்தரும் குடும்பத்தினரும் இங்குள்ள மஹால்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களது காவலும் உதவிப்பணமும் மரியற் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. சிறையாயினும் அஃது ஓர் அரச குடும்பம். அதற்குப் பணியாட்களும் வணிகரும் சூழவிருந்தோரும் தேவைப்பட்டனர். மைசூரிலிருந்து வாழ்விழந்து வந்தோர் பலர் கோட்டையை அடுத்துக் குடியேறினர். இவ்வாறு, வென்ற படையும் தோற்ற அரசவையும் ஒரே அகழிக்குள், ஏறத்தாழ ஒரே கடைத்தெருவை நம்பி வாழ்ந்தன. மன்னர்குலச் சதி என்று விசாரணைக்குழு கண்டது பெரிதும் இந்த அண்மையின் விளைவே என்பது எமது கருத்து.

இனிக் கோட்டையின் இடப்பகிர்வை நோக்குவோம். 69ஆம் ரெஜிமென்றின் தங்குமனைகள் மதிலுக்குள் இருந்தன. சிப்பாய்களுட் பெரும்பாலோர் மனைவி மக்களுடன் மதிலுக்கு வெளியே பேட்டையில் தனித்தனிக் குடிசைகளில் வாழ்ந்தனர். கொழும்பு வாசகருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கோட்டை, புறக்கோட்டை என்று நாம் நாள்தோறும் கூறும் இரு பெயர்களும் இவ்வேற்பாட்டின் எச்சங்களே. புறக்கோட்டையை ஆங்கிலத்தில் 'பெற்றா' என்பதும் நமது 'பேட்டை'யிலிருந்து சென்ற சொல்லே. 1795இல் திருகோணமலையில் இறங்கியதும் இதே சென்னைப் படையே.

தலைப்பாகைப் பிரச்சினையை இப்பின்னணியில் வைத்தே விளங்கவேண்டும். 1805 நவம்பரில், சென்னைப் படைத்தளபதி சேர் ஜோன் கிரடொக் காலத்தில், புதிய விதிகள் வகுக்கப்பட்டன. நெற்றிக்குறி இடலாகாது, காதணி கூடாது, தாடி மழிக்கப்படவேண்டும், தோலாலான அணியொன்று பதித்த புதிய தலைப்பாகை அணியவேண்டும். பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே எழுந்தது. இதனை வெறும் மதவுணர்ச்சி என்று தள்ளிவிடுவது எளிது; பொருளாதாரமே அனைத்தும் எனக் கூறும் எம்மவர் சிலரும் அவ்வாறே தள்ளியுள்ளனர். ஆனால் சிப்பாய் முழுநேரமும் மதிலுக்குள் வாழ்ந்தவனல்லன். பயிற்சி முடிந்ததும் அவன் பேட்டைக்குத் திரும்பவேண்டும். அவனுக்குப் பெண் கொடுப்பதும் அவனோடு இருந்து உண்பதும் அவனது சாவுக்கு வருவதும் அங்குள்ளோரே. தொப்பிபோன்ற அத்தலைப்பாகையை அணிபவன் பறங்கியனாவான் என்ற ஏளனம் கடைத்தெருவில் எழுந்தது. பக்கீர்கள் அதனைப் பரப்பினர். உடைவிதி சிப்பாயின் உடலைக் கும்பினியின் முழு உடைமையாக்க முயன்றது. மதிலுக்கு வெளியே அவனுக்கு எஞ்சியிருந்த சமூக வாழ்வை அது தாக்கியது. அக்குடிசை வாழ்வு மட்டுமே அவன் ஊதியத்துக்கு விற்காத பகுதி.

1806 மே மாதத்திலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. அப்போது வேலூரிலிருந்த 4ஆம் ரெஜிமென்றின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. எதிர்த்தவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் சென்னையிற் கசையடி பெற்று நீக்கப்பட்டனர். பத்தொன்பதுபேர் மன்னிப்புக் கேட்டதால் தப்பினர். அப்பட்டாளத்தின் இடத்துக்கு வந்ததே 23ஆம் ரெஜிமென்றின் பட்டாளம். யூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதிபற்றி அதிகாரியிடம் நேரே முறையிட்டான். விசாரிக்குமாறு பணிக்கப்பட்ட சுதேச அதிகாரிகளுள்ளேயே சதியில் ஈடுபட்டோர் இருந்தமையால், அவன் பித்தனெனக் கூறப்பட்டுச் சிறையிடப்பட்டான். பின்னர் அதே கும்பினி அவனுக்குப் பரிசளித்தது. தன் படையின் மொழியையும் வாழ்வையும் அறியாத நிர்வாகம் இடைத்தரகரையே நம்பியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

யூலை 9ஆந் திகதி திப்புவின் மகளொருத்திக்குத் திருமணம். மறுநாட் காலையிற் படைப்பயிற்சி. விடியுமுன் அணிவகுக்கவேண்டுமாதலால் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே உறங்கினர். நாள்தோறும் அவர்களை வெளியே நிறுத்திய ஏற்பாட்டை நிர்வாகமே ஓரிரவு விலக்கிவைத்தது, அவ்விரவே போதுமாயிற்று. உறங்கிக்கொண்டிருந்த 69ஆம் ரெஜிமென்றின் தங்குமனைகள்மீது சன்னல்கள் வழியே சுட்டனர். மருத்துவமனையிற் கிடந்த நோயாளரும் கொல்லப்பட்டனர். இதனை மறைப்பதோ நியாயப்படுத்துவதோ எமது நோக்கமன்று. பான்கோட்டும் 23ஆம் பட்டாளத் தளபதி மக்கெராசும் மாண்டனர். 14 அதிகாரிகளும் 69ஆம் ரெஜிமென்றின் 115 வீரரும் அன்று இறந்தனர். கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏற்றப்பட்டது.

எஞ்சிய ஐரோப்பியருக்கு வழிகாட்டியவர்கள் ஜோன்ஸ், டீன் என்ற இரு உதவி மருத்துவர்கள். படைத்தலைமை அழிந்த வேளையிற் துணைப்பகுதியினரே முன்வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மதில்மீது சார்ஜன்ற் பிறேடி சுமார் அறுபது பேருடன், தோட்டாக்கள் தீர்ந்து, துப்பாக்கி ஈட்டிகளுடன் மட்டும் நின்றார்.

அதே வேளையில் கிளர்ச்சியாளர் செய்ததென்ன? கோட்டை அவர்கள் கையில் இருந்தது. ஆயின் அகழிப்பாலமும் வாயில்களும் ஒழுங்காகக் காக்கப்படவில்லை. கருவூலமும் அதிகாரிகளின் இல்லங்களும் சூறையாடப்பட்டன. பேட்டை மக்களும் அதிற் கலந்துகொண்டனர். கொள்ளைப்பொருளுடன் பலர் மதிலைவிட்டு வெளியேறினர். ஒழுக்கக்கேடு என ஆங்கில ஆசிரியர் இதனைக் கடிந்தனர். நம் தேசியவாதிகள் பேசாது விட்டனர். சம்பளமாக அற்பமே பெற்றவன், அச்சம்பளம் புறப்படும் பெட்டியை முதன்முறை திறந்து காண்கிறான். அடுத்து அவன் குடிசையை நோக்கி ஓடுகிறான். அவனது கோரிக்கை அங்கு வரைதான் வளர்ந்திருந்தது. கோட்டையை ஆளும் திட்டம் எதுவும் எவரிடமும் இருக்கவில்லை. அரச மைந்தருள் ஒருவரை முன்னிறுத்த விழைந்தமை கூடப் பழைய ஆட்சியை மீட்பதற்கு அப்பால் நோக்கவில்லை.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோற்ஸ் அனுப்பிய செய்தி 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டை அடைந்தது. கேணல் கில்லெஸ்பி 19ஆம் இலகு குதிரைப்படையுடன் விரைந்தார். சுதேசக் குதிரைப்படையும் பீரங்கிகளும் பின்தொடர்ந்தன. வாயில் தகர்க்கப்பட்டபின் நடந்தது போரன்று. அரண்மனையில் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் மதிலோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். கொல்லப்பட்ட சிப்பாய்களின் தொகை 350 என்பது குறைந்த மதிப்பீடு. விசாரணையின்பின் அறுவர் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடுகடத்தப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் பென்ரிங்கும் தளபதி கிரடொக்கும் 1807இல் திருப்பியழைக்கப்பட்டனர், தலைப்பாகை கைவிடப்பட்டது.

இதனோடு 1809ஆம் ஆண்டை ஒப்புநோக்குதல் பயனுடையது. அவ்வாண்டு அதே சென்னைப் படையில் ஐரோப்பிய அதிகாரிகளே அரசுக்கெதிராகக் கிளர்ந்தனர். அவர்களது பிரதான குறைகளுள் ஒன்று, கூடாரங்களும் அவற்றைச் சுமக்கும் மாடுகளும் வழங்குவதற்காகப் பட்டாளத் தளபதிகள் பெற்றுவந்த 'கூடார ஒப்பந்தம்' 1808இல் நீக்கப்பட்டமை. துணைச்சேவை எனப்படுவது யாருக்கு வருவாயாக இருந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. சீறீரங்கப்பட்டணத்தில் ஆயுத மோதல்கூட நிகழ்ந்தது. சில அதிகாரிகள் பதவி இழந்தனர்; பெரும்பாலோர் மன்னிக்கப்பட்டனர்; ஒருவரேனும் மரணதண்டனை பெறவில்லை.

வேலூரிற் கிளர்ந்த ரெஜிமென்றுகளின் எண்களும் தண்டிக்கப்பட்டன. முதலாவதும் இருபத்துமூன்றாவதும் படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அவற்றினிடத்தில் 24ஆம், 25ஆம் ரெஜிமென்றுகள் அமைக்கப்பட்டன. 1817 நவம்பரில் நாகபுரியையடுத்த சீதாபல்டியில் மராத்தியருக்கெதிராகக் கும்பினிக்கு வெற்றி தேடித்தந்தவர்களுள் இந்த 24ஆம் ரெஜிமென்றின் முதற் பட்டாளத்தாரும் இருந்தனர். பரிசாக அவர்கள் வேண்டியது தமது பழைய எண்ணை. அடுத்த ஆண்டு அது வழங்கப்பட்டது.