கல்முனைக் கரையும் குளிர்காய்ச்சலும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களின் நெல்வயல்கள் பெரும்பாலும் ஊருக்கு மேற்கே உள்ளன. விளைந்த பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்க, உழவர் முற்காலத்தில் இரவெல்லாம் வாடியிலே தங்கினர். நெல்லோடு குளிர்காய்ச்சலையும் வீட்டுக்குக் கொணர்ந்தோர் அவருட் பலர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் 'தீய காற்று' என்பது பொருள். ஐரோப்பியரின் அறிவும் நெடுங்காலம் அவ்வளவே.

1880 ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். 1897 இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் அதனை அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றிலே கண்டார். அந்நுளம்பு இரவிற் கடிப்பது. வாடியிற் படுத்தவனைக் காய்ச்சல் பற்றியதன் காரணம் அதுவே.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. 1934 இல் மழை பொய்த்தமையால் இலங்கையின் மேற்குப்புறத்து ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. கேகாலையும் குருநாகலும் பெரிதும் அழிவுற்றன. 1935 முடியுமுன் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆனால் ஆண்டுதோறும் காய்ச்சல் கண்ட வரண்ட பிரதேசத்தில், அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்முனையும் அடங்கிய அப்பிரதேசத்தில், சாவு அத்துணை மிகவில்லை.

நுண்ணுயிர் உடலில் மீண்டும் மீண்டும் புகும்போது, அதனை ஓரளவு எதிர்க்கும் ஆற்றலை உடல் பெறுகிறது. அது இலவசமாகக் கிடைத்த வரமன்று. அதற்கு விலை கொடுத்தவர் குழந்தைகள். மண்ணீரல் வீங்கிய வயிறும் வெளிறிய முகமும் அதன் அடையாளங்கள். நோயின் கடுமையை அளக்க மருத்துவர் குழந்தைகளின் மண்ணீரலையே தடவிப் பார்த்தனர்.

1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். தெளிப்பதை நிறுத்தினர். 1969 அளவில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது! பின்னர் நெடிய போராட்டம். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 இல் காணப்பட்டார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

நோய் போயிற்று, நுளம்பு போகவில்லை. நோயோடு அப்பழைய எதிர்ப்பாற்றலும் போயிற்று. இன்று கல்முனையில் வளரும் பிள்ளையின் குருதி, இவ்வகையில், 1934 இன் கேகாலைப் பிள்ளையின் குருதியைப் போன்றது. ஆகவேதான் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து காய்ச்சலோடு திரும்புவோரிடம் மருத்துவர் முதலிற் கேட்பது ஒரு துளி இரத்தம்.