மோஸ்டார் பாலமும் ஒரு பள்ளிக்கூடமும்

பொஸ்னியாவில் உள்ள மோஸ்டார் நகரத்தின் பழைய பாலத்தை ஒருமுறையாவது நடந்து கடக்க வேண்டும் என்பது வரலாறு நடத்திய நாளிலிருந்து இருந்த ஆசை. இந்தப் பயணத்தில் அது நிறைவேறியது. நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம். அகலம் 4 மீட்டர்தான். கல் வழவழவென்று இருக்கிறது. சறுக்காமல் இருக்கக் குறுக்கே கல்வரிகள் பதித்திருக்கிறார்கள்.

'மோஸ்டார்' என்ற பெயரே பாலக் காவலர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முன்பு இங்கே ஒரு மரப்பாலம் சங்கிலிகளில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கல்பாலம் கட்ட ஆணையிட்டார். மிமார் ஹய்ருத்தீன் என்ற கட்டடக் கலைஞர் 1566-இல் அதை முடித்தார். நடுவில் தூணே இல்லாமல் நெரெத்வா ஆற்றைச் சுமார் 29 மீட்டர் தாண்டும் ஒரே வளைவு. கற்களை இரும்புக் கொக்கிகளால் பிணைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கினார்கள். 427 ஆண்டுகள் நின்றது.

1992-இல் செர்பியத் தரப்பின் தாக்குதலைப் பொஸ்னிய முஸ்லிம்களும் குரோஷியர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். 1993 நவம்பர் 9 அன்று, பொஸ்னியக் குரோஷியப் படையின் பீரங்கிக் குண்டுகளில் பாலம் ஆற்றில் விழுந்தது. அது போர்க்குற்றம் என்று 2013-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. எதிர்ப்படையும் பயன்படுத்திய பாலம், ஆகவே ராணுவ இலக்குதான் என்று 2017 மேல்முறையீட்டில் அந்தப் பகுதியை மாற்றிவிட்டார்கள். கிழக்குக் கரையில் முற்றுகையில் சிக்கியிருந்த சாதாரண மக்களுக்கும் அதுதான் வழி என்பதை நாம் மறக்கக் கூடாது.

அதே வகைக் கல், அதே கொக்கி, அதே ஈயம் என்று பழைய முறையிலேயே கட்டி 2004 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். அடுத்த ஆண்டு யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பிரிந்த இரு சமூகங்களைப் பாலம் இணைத்துவிட்டது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நேரில் போனால் வேறு மாதிரி இருக்கிறது. போரில் ஊரைப் பிரித்த கோடு ஆறு அல்ல. அதற்கு மேற்கே, சற்றுத் தொலைவில் ஓடும் 'புல்வார்' என்ற பெரிய சாலை. பாலத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.

அந்தச் சாலையோரத்தில் ஆஸ்திரிய–ஹங்கேரி ஆட்சிக் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்று நிற்கிறது. பாலம் திறந்த அதே 2004-இல் அதன் நிர்வாகத்தை ஒன்றாக்கினார்கள். ஆனால் பாடத்திட்டத்தை இரண்டாகவே விட்டுவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு, குரோஷியப் பிள்ளைகளுக்கு இன்னொன்று.

அந்தக் கட்டடத்தின் முன் வெகுநேரம் நின்றேன். பாலத்தைக் கட்ட உலகமே பணமும் ஆளும் கொடுத்தது, மூன்றே ஆண்டில் வேலை முடிந்தது. இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, 1993-இல் என்ன நடந்தது என்று ஒரே புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் முடியாமல் கிடக்கிறது. அந்த வேலையைப் பொறியாளர் செய்ய முடியாது, ஆசிரியர்தான் செய்ய வேண்டும். இன்னும் வகுப்பறையில் இருக்கும் நண்பர்கள் இதைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.