மரத்துப் போகச் செய்யும் குளிர்

முழங்கால் மூட்டிலோ தோள் மூட்டிலோ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் கண் முதலில் நாடுவது மருந்தை அன்று, ஊசியின் நீளத்தைத்தான். மூட்டினுள் செல்ல வேண்டிய ஊசி பெரும்பாலும் கையில் போடும் ஊசியைவிட நீண்டதாகவே இருக்கும். அது தோலைத் தொடுமுன் சில டாக்டர்கள் ஒரு சிறு குப்பியை எடுத்து, குறித்த இடத்தில் சில விநாடிகள் ஒரு திரவத்தைப் பீச்சுவார்கள். தோல் வெளுக்கும், மரத்துப் போகும். அந்த மரப்பு நீங்குவதற்குள் ஊசி உள்ளே சென்றுவிடும். பார்ப்பதற்கு அற்பமான இச்செயலுக்குப் பின்னே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் செவெரினோ என்ற ரணசிகிச்சை வல்லுநர் இருந்தார். கத்தி வைக்க வேண்டிய இடத்தில் சுமார் கால்மணி நேரம் வெண்பனியை வைத்து, அவ்விடம் உணர்ச்சி குன்றிய பிறகே அவர் அறுப்பார். டென்மார்க் நாட்டு அறிஞர் தாமஸ் பார்த்தொலின் இம்முறையை அவரிடமிருந்து அறிந்து, வெண்பனியின் மருத்துவப் பயனைப் பற்றி 1661-இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். எழுதிவைத்தும் என்ன? உலகம் அதை மறந்துவிட்டது. பின்னர் 1807-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஐலா என்னுமிடத்தில் நெப்போலியனின் சேனை கடுங்குளிரில் போரிட்டபோது, படை மருத்துவர் லாரே என்பவர் ஒரு விந்தையைக் கண்டார். குளிரில் விறைத்த கைகால்களைத் துண்டித்தபோது வீரர்கள் வழக்கம்போல் துடிக்கவில்லை. போர்க்களத்தில் கண்ட அந்த உண்மையும் உடனே மருத்துவமனைக்குள் நுழைந்துவிடவில்லை.

நுழையச் செய்தது ஒரு துயரச் செய்தி. 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதரும், 1847-இல் எடின்பரோவில் சிம்ஸன் கையில் குளோரோபாரமும் மயக்க மருந்துகளாகப் புகழ் பெற்றன. அடுத்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி, இங்கிலாந்தின் நியூகாஸில் நகருக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால் நகம் ஒன்றை அகற்ற வேண்டியிருந்தது. சிகிச்சையை எண்ணி அவள் அஞ்சி அழுதுகொண்டிருந்தாள். குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் அவள் உயிர் பிரிந்தது. குளோரோபாரத்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுவே. மரணத்தின் சரியான காரணம் யாது என்பது குறித்து இன்றளவும் வாதம் உண்டு. ஆயினும், ஒரு நகத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

அவ்வினாவை விடாப்பிடியாக எழுப்பியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஆர்னட் என்ற ஆங்கில மருத்துவர். பொடித்த பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் உறைநிலைக்கும் மிகக் கீழான குளிர் உண்டாகும். ஐஸ்கிரீம் செய்வோர் அறிந்த இரகசியந்தான் இது. அக்கலவையை மெல்லிய துணியிலோ பையிலோ இட்டுத் தோலின்மீது வைத்தால் அவ்விடம் மரத்துப் போகும். சிறு சிகிச்சைகளுக்கு இதுவே போதும், மூளையைத் தூங்க வைப்பானேன் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அவர் சொன்னது நியாயமே என்று எனக்குத் தோன்றுகிறது. எனினும் குளோரோபாரத்தின் மினுமினுப்புக்கு முன்னே உப்பும் ஐஸும் எடுபடவில்லை. மேலும் ஐஸ் எங்கும் கிடைக்கும் பொருளாகவும் அன்று இல்லை. நம் நாட்டிலோ, 1833-இல் கல்கத்தாவுக்கு முதன்முதலாக ஐஸ் கப்பலில் வந்தது பாஸ்டனிலிருந்து. அத்தகைய சரக்கை வைத்துக் காத்த கட்டடங்களுள் ஒன்றுதான் சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று பெயர் பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவது.

ஐஸ் இல்லாமலே குளிரை உண்டாக்க வழி கண்டவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்ஸன். குளோரோபாரத்தின் அபாயங்களை ஆராய்ந்த ஜான் ஸ்நோ என்ற அறிஞரின் நண்பர் இவர். ஸ்நோ 1858-இல் காலமானபின் அவரது நூலைப் பதிப்பித்து வெளியிட்டவரும் இவரே. (ஸ்நோ என்ற சொல்லுக்குப் பொருள் வெண்பனி. இது தற்செயலான பொருத்தம்!) 1866-இல் ரிச்சர்ட்ஸன் ஈதரை நுண்துளிகளாகத் தோலின்மீது தெளிக்கும் கருவியை மருத்துவ உலகின்முன் வைத்தார். ரப்பர்ப் பந்தை அழுத்தினால் காற்றும் ஈதரும் சேர்ந்து தூவானமாக வெளிப்படும். இதன் தத்துவம் நமக்குப் புதிதன்று. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளே நீர் குளிர்கிறது அல்லவா? ஈதர் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ஆகவே உடலின் வெப்பமே அதை விரைந்து ஆவியாக்கப் போதும். அவ்வளவு வேகத்தில் வெப்பத்தை இழக்கும் தோல் உறையும் நிலையை அடைகிறது.

ஆனால் ஈதர் தீப்பற்றும். அதனினும் விரைவில் ஆவியாகும் எத்தில் குளோரைடு 1890-களில் பல் வைத்தியர்களிடையே பரவியது. அதன் கொதிநிலை 12 டிகிரிதான். கண்ணாடிக் குழாயைக் கையில் ஏந்தினால் உள்ளங்கையின் சூடே திரவத்தை உந்தி, நுண்ணிய துளை வழியே நூலிழைபோல் பீச்சச் செய்யும். இதுவும் தீப்பற்றக் கூடியதே. ஆவியை அதிகம் முகர்ந்தால் மயக்கமும் வரும். அதையே பயன்படுத்திச் சில காலம் முழு மயக்கத்துக்கும் இதை வழங்கினார்கள்.

இதற்கிடையே 1884-இல் வியன்னாவில் கோலர் என்பவர் கொக்கேயினால் கண்ணை மரக்கச் செய்தார். 1905-இல் புரோக்கேயின் வழக்கத்துக்கு வந்தது. மரக்கும் மருந்தை ஊசியால் செலுத்தும் முறை எங்கும் பரவியதும், குளிர்த்தூவானம் கட்டியைக் கீறுதல் போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் ஊசியின் வலியைத் தவிர்க்க இன்னோர் ஊசியா என்று நோயாளி கேட்டால், அதற்கு விடை சொல்லக் குளிரைத்தான் மீண்டும் அழைக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு அழைக்கும் தேவை மூட்டு வைத்தியத்தில் மிகுந்தது. 1948-இல் அமெரிக்காவில் ஹென்ச் என்பவரும் அவர் குழுவினரும் கீல்வாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்து வியக்கத்தக்க பலன் கண்டார்கள். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1951-இல் பிலடெல்பியாவின் ஹாலண்டரும் அவருடன் பணியாற்றியோரும் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரே மூட்டினுள் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். அது முதல் ஊசி தாங்க வேண்டிய மூட்டுகள் உலகெங்கும் பெருகின. ஒரே நோயாளி மாதங்கள் கழித்து மீண்டும் வர வேண்டியும் இருக்கும். முதல் ஊசியில் பட்ட வேதனை நினைவில் நின்றால் இரண்டாம் முறை அவர் வராமலே இருந்துவிடலாம். குழந்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

குளிர்த்தூவானத்தைத் தசைவலிக்கும் பயன்படுத்திப் புகழ் பெற்றவர் ஜேனட் டிராவெல் அம்மையார். 1961-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் சொந்த வைத்தியராக அமர்ந்தவர் அவர். தீ அபாயத்தை நீக்க வேண்டி, தீப்பற்றாத புளோரின் சேர்மங்களின் கலவை எத்தில் குளோரைடுக்கு மாற்றாக வந்தது. அது வானத்து ஓசோன் படலத்துக்குக் கேடு விளைப்பது என்று பின்னர் தெரிந்தது. 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, ஓசோனுக்கு ஊறு செய்யாத வேறு சேர்மங்கள் குப்பிகளில் இடம் பிடித்தன. முழங்கால் ஊசிக்கும் வானத்துக்கும் இப்படியொரு தொடர்பு!

குளிர் எவ்வாறு வலியைத் தடுக்கிறது? குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகச் செல்கிறது, மிகக் குளிர்ந்தால் நின்றே விடுகிறது. அன்றியும், தண்டுவடத்தில் ஒருவகைக் கதவு இருக்கிறது, பிற உணர்ச்சிகள் முந்திக்கொண்டால் வலியின் செய்திக்கு அது அடைபடும் என்று 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இருவர் கூறினர். குளிரை உணரும் மூலக்கூறு 2002-இல் கண்டறியப்பட்டது. அதைக் கண்ட ஜூலியஸ், பட்டபூட்டியன் இருவருக்கும் வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் வாயில்களைக் கண்டதற்காக 2021-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இம்முறையை மிகையாகப் புகழ வேண்டுவதில்லை. தூவானம் மரக்கச் செய்வது தோலை மட்டுமே. மூட்டைச் சூழ்ந்த உறையில் ஊசி படும்போதும் மருந்து உள்ளே நிறையும்போதும் உண்டாகும் வலியை அது தொடாது. சிலருக்குக் குளிரே சுருக்கென்று தைக்கும். நெடுநேரம் பீச்சினால் தோல் வெந்துபோனாற்போல் புண்ணாகும். ஆகையால் அளவறிந்த டாக்டர் சற்றுத் தொலைவில் பிடித்துச் சில விநாடிகளே பீச்சி, வெளுப்பு மறையுமுன் ஊசியைச் செலுத்துவார். பீச்சுவதற்கு முன்பே, “இப்போது ஜில்லென்று இருக்கும், பிறகு ஓர் அழுத்தம் தெரியும்” என்று நோயாளியிடம் சொல்லிவிடுவதும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும், மேஜை விளிம்பை இறுகப் பற்றியிருக்கும் விரல்கள் சற்றே தளரும்.