விமானி அறையில் காலியான மூன்றாவது நாற்காலி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

1960களில் பறந்த போயிங் 707 விமானத்தின் விமானி அறைப் படத்தையும், இன்றைய ஏர்பஸ் ஏ320 விமானி அறைப் படத்தையும் இணையத்தில் தேடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமான மீட்டர்கள். கடிகாரக் கடைக்குள் நுழைந்துவிட்டது போல இருக்கும். இரண்டாவது படத்தில் ஆறு திரைகள்தான் கண்ணில் படும். விமானிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு மடக்கு மேசைகூட உண்டு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பழைய அறையில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால், பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தபடி மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். புதிய அறையில் அவர் இல்லை. அவர் எங்கே போனார், அவர் பார்த்த வேலை யாரிடம் போனது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். மேகத்துக்குள் போன விமானி தன் உடம்பை நம்பவே கூடாது. நம் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம்தான் நாம் திரும்புகிறோமா, நேராக இருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் அந்தத் திரவமும் அதற்குப் பழகி அடங்கிவிடும். நேராகப் போவதாகவே விமானிக்குத் தோன்றும். ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தைக்கு நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறதே, அதே கோளாறின் மறுபக்கம் இது. வெளியே அடிவானம் தெரிந்தால் கண் இதைத் திருத்திவிடும். இருட்டிலும் மேகத்திலும் திருத்த எதுவும் இல்லை.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க ராணுவ விமானி இதற்கு வழி காட்டினார். தன் இருக்கையை முழுக்க மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து மேலெழும்பி, ஒரு சுற்று வந்து, பத்திரமாக இறங்கினார். ஆபத்து வந்தால் காப்பாற்ற இன்னொரு விமானி உடன் இருந்தார். அவருக்கு வேலை வரவில்லை. டூலிட்டில் முன்னால் இருந்த முக்கியமான புதுக் கருவிகள் ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானம், திசை காட்டும் ஜைரோ, கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி ஆகியவை.

பிற்காலத்தில் இந்தக் கருவிகளுக்கு ஒரு நிலையான வரிசை வந்தது. நடுவில் செயற்கை அடிவானம், இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி, கீழே திசைகாட்டி. ஆங்கில 'டி' எழுத்தைப் போல இருக்கும். இன்றைய திரையிலும் இதே வரிசைதான். முள் போய் எண் வந்தாலும் விமானியின் கண் போகும் பாதை மாறவில்லை.

கருவி சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை மூன்று முள் உயரமானி காட்டியது. ஒரே வட்டத்தில் மூன்று முட்கள். ஒன்று நூறு அடிகளைக் காட்டும், ஒன்று ஆயிரம் அடிகளை, மிகச் சிறியது பத்தாயிரம் அடிகளை. வகுப்பில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த எல்லா ஆசிரியர்களுக்கும் இது தெரியும்: 4 மணி 55 நிமிடத்தைப் பாதிப் பிள்ளைகள் 5 மணி 55 என்று படிப்பார்கள். நிமிட முள்ளைச் சரியாகப் படித்துவிட்டு மணி முள்ளில் கோட்டை விடுவார்கள். விமானிகளும் அதையே செய்தார்கள்.

1958 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் கிரெய்கி அருகே ஒரு வைக்கவுன்ட் விமானம் தரையில் மோதியது. 14,500 அடி உயரத்தில் இருப்பதாக விமானி நினைத்திருந்தார். உண்மையில் இருந்தது 4,500 அடி. நல்ல வேளையாக உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தெற்கு இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் அருகே சோதனைப் பறப்பில் இருந்த ஒரு பிரிட்டானியா விமானம் மூடுபனியில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அங்கும் அதே பத்தாயிரம் அடிப் பிழை. கருவி பழுதாகவில்லை. சரியாகக் காட்டியதை மனிதர்கள் தவறாகப் படித்தார்கள்.

இப்போது நாற்காலிக் கணக்குக்கு வருவோம். 1950களில் கடல் கடந்து போன பெரிய விமானங்களின் விமானி அறையில் ஐந்து பேர்கூட இருந்தார்கள். இரண்டு விமானிகள், வானொலி இயக்குபவர், நட்சத்திரம் பார்த்து வழி சொல்லும் நேவிகேட்டர், இயந்திரங்களைக் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினியர். வானொலிக் கருவிகள் மேம்பட்டதும் முதலில் வானொலி இயக்குபவர் போனார். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடும் கருவி வந்ததும் நேவிகேட்டர் போனார். மிஞ்சியவர்கள் மூவர். எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக், அறைக்குள் காற்றழுத்தம் எல்லாம் ஃபிளைட் இன்ஜினியரின் பொறுப்பு.

அவருக்கு இன்னொரு பயனும் இருந்தது. அது வேலைப் பட்டியலில் இல்லாதது: மூன்றாவது ஜோடிக் கண்கள்.

1978 ஜனவரி 1, இரவு. ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கடலுக்கு மேல் வந்ததும் விமானம் லேசாக வலப்பக்கம் திரும்பி மீண்டும் நேரானது. ஆனால் கேப்டன் முன்னால் இருந்த செயற்கை அடிவானம் வலப்பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. கீழே கரிய கடல், மேலே கரிய வானம். அவர் கருவியை நம்பி விமானத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வேறு கருவிகள் சரியாகத்தான் இருந்தன. ஃபிளைட் இன்ஜினியர் வித்தியாசத்தைக் கவனித்துச் சொல்ல முயன்றார். நேரம் போதவில்லை. கிளம்பிய இரண்டே நிமிடத்துக்குள் பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதே 1970களில் அமெரிக்காவின் நாசா, ஒரு போயிங் 737 விமானத்தைப் பறக்கும் ஆய்வுக்கூடமாக மாற்றி, மீட்டர்களுக்குப் பதிலாகத் திரைகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. ஐம்பது மீட்டர்களைக் காட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதில், இந்த நிமிடத்துக்குத் தேவையானதை மட்டும் காட்டலாம். ஏதாவது கெட்டால் கணினியே எச்சரிக்கும். அப்படியானால் பக்கவாட்டில் ஒருவர் உட்கார்ந்து முட்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

விமானிகள் சங்கங்கள் எதிர்த்தன. சிறிய விமானங்களில் இருவர் ஓட்டுவது ஏற்கெனவே இருந்தது. பெரியவற்றிலும் போதுமா என்பதே சண்டை. 1981இல் அமெரிக்க அதிபர் அமைத்த குழு, இருவர் போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றது. மூவருக்கென்று கட்டப்பட்டுக்கொண்டிருந்த போயிங் 767 விமானங்கள் இருவருக்காக மாற்றி அமைக்கப்பட்டன. 1982இல் அவை சேவைக்கு வந்தன.

அடுத்த ஆண்டே ஒரு பாடம் கிடைத்தது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 767 மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகக் கிளம்பியது. எரிபொருள் அளவு காட்டும் திரை பழுது. அதனால் தொட்டியில் அளவுகோல் வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டர் எரிபொருளின் எடை ஏறக்குறைய 0.8 கிலோ, பவுண்டில் சொன்னால் 1.77. அந்த நிறுவனத்தின் பழைய விமானங்கள் எல்லாம் பவுண்டுக் கணக்கு. இந்தப் புதிய 767 கிலோ கணக்கு. அவர்கள் 7,682ஐ 1.77ஆல் பெருக்கி, 13,597 கிலோ இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பவுண்டு. மீதி 8,703ஐ 1.77ஆல் வகுத்து 4,917 லிட்டர் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. இரண்டு இன்ஜின்களும் நின்றன. மின்சாரம் போனதும் அந்த அழகான திரைகள் அணைந்தன. மிஞ்சியவை, அவசரத்துக்கென்று ஓரத்தில் வைத்திருந்த பழைய முள் மீட்டர்கள் சில. கேப்டன் பாப் பியர்சன் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்தை மிதக்கவிட்டே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரின் கைவிடப்பட்ட விமானதளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்பு எரிபொருள் கணக்கு ஃபிளைட் இன்ஜினியரின் வேலை. அவர் போன பிறகு, திரை பழுதானால் அந்தக் கணக்கை யார் போட வேண்டும் என்று நிறுவனம் தெளிவாகச் சொல்லவே இல்லை. தரையில் இருந்தவர்கள் விமானிகளைப் பார்த்தார்கள். விமானிகள் தரையில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். வேலை கணினிக்குப் போனது சரி. பொறுப்பு யாரிடமும் போகவில்லை.

1988இல் ஏ320 வந்தது. ஸ்டியரிங்குக்குப் பதில் ஓரத்தில் ஒரு சிறு கைப்பிடி. விமானியின் கையசைவு கணினி வழியாகத்தான் இறக்கைக்குப் போகும். 1989இல் சேவைக்கு வந்த போயிங் 747-400இலும் மாற்றம் பெரிது: பழைய 747இல் இருந்த 971 விளக்குகள், மீட்டர்கள், சுவிட்சுகள் 365 ஆகக் குறைந்தன. பெரிய 747இலும் மூன்றாவது நாற்காலிக்கு வேலையில்லாமல் போனது.

தவறாகப் படிக்கும் நோய் மட்டும் போகவில்லை. 1992 ஜனவரி 20 இரவு, பிரான்சில் லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வந்த ஏர் இன்டர் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்குவதைக் குறிக்கும் எண்ணுக்கு அந்த விமானத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒரு நிலையில் 3.3 என்பது சாய்வுக் கோணம், டிகிரியில். இன்னொரு நிலையில் 33 என்பது நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கம். விமானிகள் கோணம் என்று நினைத்து வேகத்தைக் கொடுத்திருக்கக்கூடும் என்பதே விசாரணையில் மிகச் சாத்தியமான காரணமாகத் தெரிந்தது. 1958இல் முள்ளைப் பார்த்துச் செய்த தவறு, 34 ஆண்டு கழித்து எண்ணைப் பார்த்து நடந்தது. பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகவே காட்டும்படி மாற்றினார்கள்.

திரைகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 1990களின் பிற்பகுதியில், முன்னால் இருக்கும் மலையை நிறம் காட்டி எச்சரிக்கும் வசதி திரைகளுக்கு வந்தது. நல்ல நிலையில் உள்ள விமானம் இருட்டில் மலையில் மோதுவது பெரிதும் குறைந்தது. முள் மீட்டரால் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் எவ்வளவு நவீனத் திரையும் வெளியிலிருந்து வரும் தகவலை நம்பித்தான் பேசுகிறது. காற்றில் வேகத்தை அளக்கும் குழாய்க்கு அடிப்படை, 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்று நீரோட்டத்தை அளக்கச் செய்த குழாய். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்குக்கு மேல் ஏர் பிரான்ஸ் ஏ330 விமானத்தின் அந்தக் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே வேகக் கணக்கு தவறியது. தானியங்கி, விமானத்தை விமானிகள் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. அவர்கள் குழம்பி, மூக்கை உயர்த்தி, தூக்குவிசையை இழந்தார்கள். நான்கரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் போயின. எல்லாம் நன்றாக இருக்கும்போது தானே ஓட்டும் இயந்திரம், மிகக் கடினமான நிமிடத்தில்தான் மனிதனைக் கூப்பிடுகிறது. அதுவரை அவனுக்குக் கைப்பழக்கம் எங்கிருந்து வரும்?

இன்று அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. நீண்ட பயணத்தின் நடுவில் ஒரே ஒரு விமானி இருந்தால் போதாதா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. விமானிகள் சங்கங்கள் எதிர்க்கின்றன. நாளை இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் இரண்டாவது நாற்காலியை எடுப்பதற்கு முன், மூன்றாவதை எடுத்தபோது கேட்க மறந்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். அவர் செய்த வேலை எதுவென்று நமக்குத் தெரியும். அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது எதைக் கவனித்துக்கொண்டிருந்தார்? அதை இனி யார் கவனிப்பார்கள்?

இந்தக் கேள்வி விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் அலுவலகத்திலும் ஒரு கணினி வந்து ஒரு நாற்காலி காலியாகியிருக்கும். அவர் பார்த்த வேலையில் எது கணினிக்கு வந்தது, எது யாருக்குமே வரவில்லை? நினைவுக்கு வருவதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். விமானத் துறையில் இருக்கும் நண்பர்கள் அவசியம் எழுத வேண்டும்.