ஆயுள் தண்டனையும் தலைவர்களின் நூற்றாண்டும்

ஒவ்வொரு சாதிப் படுகொலைக்குப் பிறகும் ‘சிறைத் தண்டனையைக் கூட்டு’ என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபம் நம்முடையதுதான். ஆனால் நம் வரலாறு எதைக் காட்டுகிறது?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்ட சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொலைக்குத் தூக்குவரை தர அன்றைய சட்டத்திலேயே இடமிருந்தது. இல்லாமல் போனது, கூலித் தொழிலாளியின் சாட்சிக்கான மதிப்பு.

1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித்துக்கு ஒதுக்கிய நாற்காலியில் தலித் அமர்ந்ததுதான் அவர் செய்த ‘குற்றம்’. 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை தந்தது. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008இல் 3 பேர் விடுதலை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2019இல் 13 பேர் விடுதலை. ஆட்சியிலிருந்த கட்சிகள் இரண்டு, செய்தது ஒன்று.

சட்டத்தில் ஆண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றத்தைச் சாதியின் பெயரால் செய்தால் ஆயுள் தண்டனை என்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022இல், சாகும்வரை சிறை என்றே மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம் தோழர்களே. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலோ, சிறைவாசிகளில் ஐந்தில் ஒருவர் நம்மவர். எல்லாக் குற்றங்களுக்கும் ஆண்டுகளைக் கூட்டினால் அந்தச் சுமை முதலில் யார் தலையில் விழும்? ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் வழியில்லாத நம் சேரிப் பிள்ளைகள் தலையில்தான்.

ஆகவே நாம் கேட்பது வேறு. எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாக வேண்டும். சாட்சிகள் மிரட்டலின்றிப் பேச வேண்டும். சிறப்பு நீதிமன்றங்கள் இழுத்தடிக்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முன்விடுதலைக்கு முன் கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்க வேண்டும். அந்தக் குடும்பங்களின் நீதி, தலைவர்களின் பிறந்தநாளுக்கு வழங்கும் பரிசுப் பொருளல்ல.